பாலிக் பூலாவில் கூடாரம் போட்டு ஓர் இசை விழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவின் மேற்குப் பக்கம், பாலிக் பூலாவில், ஆண்டுக்கு ஒரு முறை நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்ன இசை விழா நடத்துகிறோம். இரண்டு இரவு, கூடாரத்தில் தங்கல், ஏறக்குறைய 300 பேர். உறுமி மேளக் குழுக்கள், கிட்டாரோடு வரும் பிள்ளைகள், கோலாட்டம் ஆடும் அம்மாக்கள் என்று எல்லாம் கலந்திருக்கும். "எங்க ஊர்லயும் செய்யணும்ணே, எப்படித் தொடங்குறது?" என்று கிள்ளானிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் வரும் குரல்பதிவுகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பெரும்பாலும் குப்பையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் நாளிலிருந்தும் இடத்திலிருந்தும் தொடங்குகிறேன். அந்த இரண்டில் தப்பு செய்துவிட்டு வாழை இலையில் சோறு போட்டுப் பயனில்லை.

எந்த மாதம் வைப்பது நல்லது?

மழையை மட்டும் பார்த்தால் பினாங்கில் ஜனவரி, பிப்ரவரிதான் காய்ந்த மாதங்கள். ஏப்ரல், மே ஒரு மழைக்காலம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அதைவிடப் பெரிய மழைக்காலம். ஆனால் நம் நாட்டில் வானத்தை மட்டும் பார்த்து நாள் குறிக்க முடியாது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தைப்பூசம் வரும். அந்தச் சமயம் நல்ல உறுமிக் குழு ஒன்றுகூட கையில் சிக்காது, பாதிப் பேர் தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருப்பார்கள். அடுத்து சீனப் புத்தாண்டு. சாலையெல்லாம் நெரிசல், லாரி வாடகை ஏறிவிடும். நோன்பு மாதமோ ஒவ்வொரு ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வருகிறது. 2026இல் அது பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிட்டது. மலாய்க்காரக் கம்பத்து (கிராமத்து) பக்கத்தில் தராவீஹ் என்ற நோன்பு மாத இரவுத் தொழுகை நேரத்தில் பறை முழக்குவது நன்றாக இருக்காது, யாரும் சொல்லாவிட்டாலும்.

முன்பு நாங்கள் பிப்ரவரிக் கடைசியில் வைத்தோம். இப்போது அது கைவிட்டுப் போனதால் ஜனவரி தொடக்கத்துக்கு வந்துவிட்டோம். ஜூன், ஜூலையில் பள்ளி மாணவர்கள் கிடைப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். பாலிக் பூலாவில் அது டுரியான் காலம். ஏன் வேண்டாம் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

டுரியான் தோட்டத்தில் நடத்தலாமா? பார்க்க அழகாக இருக்குமே?

அழகுதான். எங்களுக்கும் முதலில் தோட்டம் ஒன்றைத்தான் காட்டினார்கள். மூன்று காரணங்களால் விட்டுவிட்டோம்.

முதல் காரணம் பழம். முள்ளோடு இரண்டு மூன்று கிலோ எடை, இருபது மீட்டர் உயரம், விழுவது பெரும்பாலும் இரவில். கூடாரத் துணி அதைத் தாங்காது.

இரண்டாவது பூ. ஆண்டுத் தொடக்கத்தில் வெயில் தொடர்ந்து காய்ந்தால் மரம் பூக்கும். டுரியான் பூ இரவில் விரியும்; தேன் குடிக்க வரும் வௌவால்கள்தான் மகரந்தத்தைச் சேர்க்கின்றன. அந்த இரவுகளில் மேடை விளக்கைப் போட்டு, சவுண்ட் பாக்ஸை அலற விட்டால், நான்கு மாதம் கழித்துக் காய் குறைந்துவிட்டது என்று தோட்டக்காரர் நம்மைத் திட்டினால் மறுத்துப் பேச நம்மிடம் ஒன்றும் இருக்காது.

மூன்றாவதுதான் பெரியது. பாலிக் பூலாவின் டுரியான் தோட்டங்கள் பெரும்பாலும் மலைச்சரிவில் இருக்கின்றன. 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில், சிலாங்கூர் பத்தாங் காலியில் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சரிவுக்குக் கீழே கூடாரம் போடும் பேச்சையே நாங்கள் எடுப்பதில்லை. எந்த அதிகாரியும் கேட்பதற்கு முன்னால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: மேலே என்ன இருக்கிறது? வெட்டிய சரிவா, புதிதாகப் போட்ட சாலையா, அடைபட்ட வாய்க்காலா?

சரி, அப்படியென்றால் எப்படிப்பட்ட இடம்?

சுங்கை பூரோங் பக்கம் வயல்வெளியை ஒட்டிய சமதளம் எங்களுக்கு அமைந்தது. நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் பார்க்க வேண்டியவை இவை. தரை மட்டமாக, ஆனால் சுற்றியிருக்கும் நிலத்தைவிட ஒரு சாண் உயரமாக இருக்க வேண்டும். போம்பா (தீயணைப்புத் துறை) லாரி உள்ளே வந்து திரும்ப வழி வேண்டும். நடந்து போகும் தூரத்தில் உறுதியான கூரையுள்ள கட்டடம் ஒன்று வேண்டும், பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபமோ பள்ளி மண்டபமோ. இடி மழையில் 300 பேரையும் அங்கேதான் கொண்டுபோய் உட்கார வைக்கப் போகிறோம். தென்னை மரத்தடி வேண்டாம். ஆற்றங்கரையும் வேண்டாம், மேலே மலையில் பெய்தால் கீழே வெயிலாக இருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும்.

கடற்கரை? தெலுக் பஹாங்கில் இருக்கும் தேசியப் பூங்காவின் கெராச்சூட் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. கடலின் மங்கிய ஒளியைப் பார்த்துத்தான் குஞ்சுகள் தண்ணீருக்கு ஓடும். நம் விளக்கைக் கண்டால் எதிர்த்திசையில் ஓடும். தங்கிப் பார்க்க நல்ல இடம், விழா வைக்க அல்ல.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

தீவு என்றால் பினாங்கு மாநகர் மன்றம், அக்கரைப் பெருநிலம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். அவர்களிடம் தற்காலிகக் கேளிக்கை உரிமம். போலீசுக்கும் போம்பாவுக்கும் தகவலும் அனுமதியும். நிலத்துக்காரரின் கையெழுத்திட்ட கடிதம். தமிழ்நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரே ஒரு பாடகர் வந்தாலும் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான புஸ்பால் குழுவின் அனுமதி தனியாக வேண்டும். அதற்கு நிறைய நாள் பிடிக்கும். பிறர் இயற்றிய பாடல்களைப் பாடினால் எம்ஏசிபி (இசைப் படைப்பாளர்களின் காப்புரிமை அமைப்பு) உரிமம். டிக்கெட் விற்றால் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி கேளிக்கை வரி விதிக்கலாம், அதிகபட்சம் 25 விழுக்காடு. விலக்குக் கேட்டு எழுதலாம், ஆனால் டிக்கெட்டை அச்சடித்த பிறகு எழுதாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு முன் தொடங்குங்கள். முதல் ஆண்டு நாங்கள் ஒரு அலுவலகத்துக்கு நான்கு முறை போனோம். நான்கு முறையும் வேறு வேறு விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். இப்போது கம்பத்து நிர்வாகக் குழுத் தலைவரைக் கூடவே அழைத்துப் போகிறோம். ஒரே முறையில் முடிந்துவிடுகிறது.

எத்தனை பேர் வரை வைத்துக்கொள்ளலாம்?

தண்ணீரும் கழிப்பறையும் எத்தனை பேருக்குத் தாங்குமோ அத்தனை பேர். டிக்கெட் விற்றுப் போகிறதே என்று 300ஐ 400 ஆக்கினோம் ஒரு முறை. அடுத்த ஆண்டே 300க்குத் திரும்பிவிட்டோம்.

விழாவில் எது அதிகமாகச் சுற்றுச்சூழலைக் கெடுக்கிறது? ஜெனரேட்டரா?

எல்லாரும் ஜெனரேட்டரைத்தான் காட்டுவார்கள், ஏனென்றால் அது புகை விடுகிறது, சத்தம் போடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தர ஜெனரேட்டர் ஒன்று மணிக்கு 5 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவும் எட்டெட்டு மணி நேரம் ஓடினால் 80 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. மொத்தம் 216 கிலோ.

இப்போது வருகிறவர்களைப் பாருங்கள். 300 பேரும் கோலாலம்பூரிலிருந்து காருக்கு நான்கு பேராக வந்தால் 75 கார்கள். போக வர 700 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் என்றால் காருக்கு 56 லிட்டர், மொத்தம் 4,200 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ என்றால் 9 டன்னுக்கு மேல். ஜெனரேட்டரைப் போல நாற்பது மடங்குக்கும் மேல்! இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் சூரியத் தகடு பற்றிப் பேசுவதைக் குறைத்து, பேருந்து பற்றிப் பேசத் தொடங்கினேன்.

அப்போ எப்படி வரச் சொல்கிறீர்கள்?

கோலாலம்பூர், ஈப்போ ஆட்கள் மின் ரயிலில் பட்டர்வொர்த் வரை. நிலையத்திலிருந்து நடந்தே ஃபெரிக்குப் போகலாம். 2023லிருந்து ஓடும் புதிய ஃபெரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான் ஏறலாம், காருக்கு இடமில்லை. தீவில் இறங்கியதும் பாலிக் பூலாவுக்கு ரேப்பிட் பினாங்கு பேருந்து இருக்கிறது. ஆனால் கூடாரமும் தவிலும் தூக்கிக்கொண்டு அதில் ஏறுவது பாடுதான். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபெரி ஜெட்டியிலிருந்து இரண்டு வாடகைப் பேருந்து ஏற்பாடு செய்கிறோம், சாமான்களுக்குத் தனியாக ஒரு லாரி.

பேருந்துச் சீட்டை டிக்கெட் விலையிலேயே சேர்த்துவிட்டோம். காரில் வருகிறவருக்கும் அதே விலை, மேலே நிறுத்துமிடக் கட்டணம் வேறு. "இது என்ன அநியாயம்" என்று முதலில் சண்டை வந்தது. இப்போது மாலை நான்கு மணி ஃபெரியிலேயே கச்சேரி தொடங்கிவிடுகிறது என்பதால் காரில் வருகிறவர்கள்தான் எதையோ இழந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு?

விழா நல்ல விழாவா என்பதை ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கழிப்பறை வரிசையில் நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ஆண்டு நாங்கள் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தோம். வெளிநாட்டு விழாக்களின் படங்களைப் பார்த்து, மரத்தூள் போட்டு மட்க வைக்கும் உலர் கழிப்பறை இரண்டு கட்டினோம். பலகை, பெரிய டிரம், பக்கத்தில் ஒரு மூட்டை மரத்தூள். ஒரு கை தூளை மேலே போட்டால் நாற்றம் வராது என்று விளக்கப் பலகையும் வைத்தோம். யோசிக்காத ஒன்று: அங்கே அவர்கள் காகிதம் பயன்படுத்துகிறார்கள், நம்மவர்கள் தண்ணீர் இல்லாமல் உட்கார மாட்டார்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் ஒவ்வொருவரும் கொண்டுபோன பாட்டில் தண்ணீர் எல்லாம் டிரம்முக்குள் சேர்ந்து, மரத்தூள் கஞ்சியாகி, அதை இரண்டு பேர் தூக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு பேரில் ஒருவன் நான்.

மட்குவதற்கு ஈரம் வேண்டும், ஆனால் பிழிந்த துணி அளவு ஈரம் போதும். அதற்கு மேல் போனால் காற்று உள்ளே போகாது, அழுகி நாறும். உலர் கழிப்பறை வேண்டுமென்றே இருப்பவர்கள் கழுவுவதற்குத் தனி மேடையும், அந்தத் தண்ணீர் போக வேறு வழியும் வைக்க வேண்டும். இரண்டு இரவுக்கு அது பெரிய வேலை. குழி தோண்டுவது இன்னும் மோசம். வயல் பக்கத்தில் ஒரு மண்வெட்டி ஆழத்திலேயே நிலத்தடி நீர் ஊறுகிறது.

ஆகவே இப்போது பாலாய் ராயாவின் கழிப்பறைகளோடு, வாடகைக்கு எட்டு நகரும் கழிப்பறைகள். ஐந்து பெண்களுக்கு, மூன்று ஆண்களுக்கு, ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்கத் தனி இடம். சரிபாதியாகப் பிரித்தால் பெண்கள் வரிசை நீண்டுகொண்டே போகும். வாடகைக்குக் கொடுப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உள்ளே ஊற்றும் நீல மருந்தில் ஃபார்மால்டிஹைடு உண்டா, உறிஞ்சி எடுக்கும் லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? உரிமம் பெற்ற லாரிதானா என்று தாளைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஒருவர் தலையைச் சொறிந்தார். அவரை விட்டுவிட்டோம்.

சனிக்கிழமை நண்பகலில் ஒரு முறை லாரி வந்து காலி செய்ய வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஈரத் துடைப்பான்களைக் கழிப்பறைக்குள் போட விடாதீர்கள்; பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், நம் வெயிலுக்கு. கை கழுவ, குளிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து 20 லிட்டர் என்று கணக்கு வைக்கிறோம். 300 பேருக்கு இரண்டு நாளைக்கு 12,000 லிட்டர். ஷவர் வைத்தால் இது போதாது. வாளியும் செம்பும் வைத்தால் போதும், பழகிய கை இரண்டு வாளியில் குளித்து முடித்துவிடும். சோப்புத் தண்ணீர் நேராக வயல் வாய்க்காலுக்குப் போகாமல், கல்லும் மணலும் நிரப்பிய பள்ளத்தில் இறங்க விடுகிறோம்.

பினாங்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது, அதுவும் கெடாவோடு பகிர்ந்துகொள்ளும் ஆறு. காய்ந்த மாதத்தில் விழா வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போவது சரியில்லை. பாட்டில் தண்ணீர் விற்பதில்லை. அவரவர் பாட்டிலைக் கொண்டுவர வேண்டும், நிரப்பிக்கொள்ள நான்கு இடத்தில் வடிகட்டிய தண்ணீர், மோர் ஒரு பானையில். தண்ணீர்ப் பந்தல் வைக்கத் தெரியாத தமிழனா?

தட்டு, குவளை எல்லாம்?

இதில்தான் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாமே மறந்துகொண்டிருக்கிறோம். தைப்பூசத்தன்று மாலை தண்ணீர்மலைச் சாலையில் கிடக்கும் குவளைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை இரவு ஒரே பந்தி, தரையில் பாய் விரித்து, வாழை இலையில். இலை பக்கத்துத் தோட்டத்திலிருந்து, அன்று காலை வெட்டியது. சாப்பிட்ட இலையும் மிச்சமும் ஒரே குவியலாக உரக் குழிக்குப் போகிறது. தனித்தனிக் கடைகளில் ஆளாளுக்கு வாங்கித் தின்றபோது ஏற்பட்ட குப்பையில் பாதிகூட இல்லை. சோறு குறைவாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுவது என்பது பரிமாறுகிறவர்களுக்குக் கட்டளை.

நின்று சாப்பிடும் நேரங்களில் இலை சரிப்படாது. அதற்கு எவர்சில்வர் தட்டின் மேல் வட்டமாக வெட்டிய இலையை வைத்துப் பரிமாறுகிறோம். இலையை எடுத்துவிட்டால் தட்டில் எண்ணெய் ஒட்டாது, ஒரு முறை அலசினால் போதும். பாக்கு மட்டைத் தட்டும் நல்லதுதான், விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

குவளைக்கு ஒரு கோயிலிலிருந்து 400 எவர்சில்வர் டம்ளர் இரவல் வாங்கினோம். ஒரு டம்ளருக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) பிணைப்பணம். திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும். முதலில் 1 வெள்ளி வைத்துப் பார்த்தோம், யாரும் குனிந்து எடுக்கவில்லை. 5 வெள்ளி ஆனதும் நடந்தது வேடிக்கை. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கும்பலாகிவிட்டார்கள். பெரியவர்கள் ஆட எழுந்ததும், பாய் ஓரத்தில் வைத்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு ஓடிவந்து காசு வாங்கிவிடுவார்கள். ஒரு பையன் ஒரே இரவில் 65 வெள்ளி சம்பாதித்தான். குடித்து முடிக்காத டம்ளரையும் எடுக்கிறான் என்று புகார் வந்த பிறகு, "கேட்டுவிட்டு எடு தம்பி" என்று ஒரு விதி போட வேண்டியிருந்தது. கோயிலுக்குத் திரும்பப் போனது 383. மிச்சத்தைப் புதிதாக வாங்கிக் கொடுத்தோம்.

கழுவ மூன்று தொட்டி: ஒன்றில் சோப்பு, ஒன்றில் அலசல், மூன்றாவதில் சுடுதண்ணீர். ஈரம் போகக் கவிழ்த்து வைக்க மூங்கில் தட்டி. கழுவும் முறையில் பாடகர்களும் உண்டு, யாருக்கும் விலக்கு இல்லை.

"மட்கும் பிளாஸ்டிக்" குவளை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே?

வாங்கினோம், இரண்டாம் ஆண்டு. சோள மாவிலிருந்து செய்தது, பச்சை இலைப் படமெல்லாம் போட்டிருந்தது. அது மட்க அறுபது டிகிரிச் சூட்டில் நடக்கும் ஆலை வேண்டும். எங்கள் உரக் குழியில் ஒரு வருடம் கழித்தும் இலைப் படம் உட்பட அப்படியே கிடந்தது. மறுசுழற்சிக்காரரோ "இது மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்தால் என் மூட்டை முழுதும் கெட்டுவிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குப்பை கடைசியில் எங்கே போகிறது?

கோலாலம்பூரில் திடக்கழிவு 2011 செப்டம்பரிலிருந்து கூட்டரசுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை; இங்கே மாநகர் மன்றங்களே பார்க்கின்றன. பினாங்கு கடைகளில் 2011 ஜனவரியிலிருந்து வாரத்தின் எந்த நாளும் பிளாஸ்டிக் பை இலவசம் கிடையாது. 2016 ஜூனிலிருந்து வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்ற கொள்கையும் இருக்கிறது. ஆகவே பிரிப்பது இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல.

பிரிக்காமல் விட்டது தீவிலிருந்து அக்கரைக்குப் போய், நிபோங் தெபால் பக்கம் புலாவ் பூரோங் குப்பை மேட்டில் சேர்கிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது, பக்கத்தில் இருந்தவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அவர்களில் நம் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பலகை வைப்பதைவிட, இதை மைக்கில் ஒரு தடவை சொல்வது வேலை செய்கிறது.

மூன்று தொட்டிக்கு மேல் வைக்காதீர்கள்: சாப்பாடும் இலையும், டின்-பாட்டில்-அட்டை, மற்றவை. ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லாத தொட்டியில் ஒரு மணி நேரத்தில் எல்லாம் கலந்துவிடும். கடைசி நாளில் மிச்சத்தை எரித்துவிடலாம் என்று யாராவது ஒரு பெரியவர் சொல்வார். திறந்த வெளியில் குப்பை எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று. பந்தல் துணியின் மடிப்பில், கவிழ்க்காத வாளியில், புல்லுக்குள் விழுந்த மூடியில் தேங்கும் தண்ணீர். ஏடிஸ் கொசு முட்டையிட்டுக் கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள்தான் ஆகும். அதற்குள் நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். டெங்கி வருவது கம்பத்துக்காரருக்கு. சாப்பாட்டு மிச்சமும் அப்படித்தான், எலி வந்தால் எலிக் காய்ச்சலும் கூடவே வரும்.

மின்சாரத்தை முழுக்கச் சூரிய ஒளியில் எடுக்கலாமா?

400 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் நாளைக்கு 1.6 யூனிட் தரும். எங்கள் சவுண்ட் சிஸ்டமும் விளக்கும் சராசரி 3 கிலோவாட் இழுக்கின்றன, எட்டு மணி நேரத்துக்கு 24 யூனிட். பதினைந்து தகடு வேண்டும், கூடவே அத்தனையையும் சேமிக்கும் பேட்டரி. அன்றைக்கு மேகமூட்டம் என்றால்? எங்களுக்கு நடந்தது. ஒரு பெண் பிள்ளை பல்லவியை முடித்து அனுபல்லவிக்குப் போகும்போது மேடை இருண்டது. கூட்டம் கைத்தட்டித் தாளம் போட, அவள் மைக் இல்லாமலே பாடி முடித்தாள். விழாவிலேயே நல்ல நிமிடம் அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அதை நம்பி விழா நடத்த முடியாது.

இப்போது கைபேசி சார்ஜ், பாதை விளக்கு, கழிப்பறை விளக்கு மட்டும் சூரிய ஒளியில். மேடைக்குப் பாலாய் ராயாவின் இணைப்பிலிருந்து கொஞ்சம், சின்ன ஜெனரேட்டரிலிருந்து கொஞ்சம். வாடகைக்காரர் "எதுக்கும் இருக்கட்டும் பாஸ்" என்று பெரிதாகத்தான் தள்ளிவிடப் பார்ப்பார். பெரிய ஜெனரேட்டர் முப்பது விழுக்காடு சுமைக்குக் கீழே ஓடினால் டீசல் சரியாக எரியாமல் கரி படியும், எண்ணெயும் வீண். மொத்த வாட்டைக் கூட்டிப் போட்டு, அந்தத் தாளோடு போய்ப் பேசுங்கள். பழைய மேடை விளக்கு ஒன்று 1,000 வாட், அதே வேலையை எல்இடி அதைவிட மிகக் குறைவில் செய்யும். "பயோடீசல்" என்று கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். நம் நாட்டுப் பெட்ரோல் நிலையத்து டீசலிலேயே செம்பனை எரிபொருள் கலந்துதான் வருகிறது.

சத்தம் பற்றி அக்கம்பக்கத்தில் புகார் வராதா?

வயல்வெளியில் சத்தம் தடையில்லாமல் போகும், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கும் வார்த்தை புரியும். மேடையின் முதுகைக் கம்பத்துப் பக்கம் வையுங்கள். மக்ரிப் பாங்கு முதல் இஷா தொழுகை முடியும் வரை, ஏறக்குறைய ஏழேகாலிலிருந்து ஒன்பது வரை, மேடை மௌனம். அதுதான் எங்கள் சாப்பாட்டு நேரம். பதினொன்றரைக்கு மைக் நிறுத்தம். சூராவ் (சிறு தொழுகை இல்லம்) இமாம் வீட்டுக்கு ஒரு மாதம் முன்பே போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம், அவர் வீட்டுப் பிள்ளைகள் வாசலில் டிக்கெட் கிழிக்கிறார்கள்.

இத்தனை செய்தும் ஓர் ஆண்டு இரண்டு மணிக்கு யாரோ நான்கு பேர் உறுமியை எடுத்துக்கொண்டு வயல் நடுவே போய்விட்டார்கள். உறுமிக்கு மின்சாரம் வேண்டாமே! மறுநாள் நாங்கள் நான்கைந்து வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்டோம். இப்போது பதினொன்றரைக்கு மேளங்கள் எல்லாம் பாலாய் ராயாவுக்குள் போய்ப் பூட்டப்படும். சாவி ஒரு அக்காவிடம். அவரிடம் யாரும் கேட்கத் துணிய மாட்டார்கள்.

இடி மழை வந்தால்?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். மேடையை நிறுத்து, மின்சாரத்தை அணை, எல்லாரும் பாலாய் ராயாவுக்கு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப. இரும்புச் சட்டம் போட்ட மேடைக்கு அடியிலும் கூடாரத்துக்குள்ளும் ஒதுங்க விடாதீர்கள். மைசுவாச்சா (myCuaca) வானிலைச் செயலியை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

உணவுக் கடை போடுகிறவர்களுக்கு ஏதும் விதி உண்டா?

சமைப்பவர், பரிமாறுபவர் எல்லாருக்கும் டைஃபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழும் சட்டப்படி வேண்டும். பந்தியில் உதவ வரும் அத்தைகளுக்கும் சேர்த்துத்தான். எங்கள் சொந்த விதிகள்: டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவது கிடையாது, மது கிடையாது, கண்ணாடிப் பாட்டில் கிடையாது.

பலூன், வண்ணக் காகிதம், தோரணம்?

மாவிலைத் தோரணம், குருத்தோலை. பலூனும் மினுமினுப்பும் வேண்டாம். சிகரெட் துண்டின் பஞ்சும் பிளாஸ்டிக்தான். புகைப்பவர்களுக்கு ஒரு மூலை, அங்கே ஒரு மண் சட்டி.

குழந்தைகளோடு வரலாமா? பெண்கள் தனியாக வந்தால்?

வரலாம். குடும்பக் கூடாரங்கள் மேடையிலிருந்து தள்ளி, பெண்கள் கூடாரங்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில், இரவு முழுதும் விளக்கெரியும் பாதை ஓரமாக. இரவுக் காவலில் எப்போதும் இரண்டு பெண்கள் இருப்பார்கள்.

கூடாரம் இல்லை. மலிவாக ஒன்று வாங்கட்டுமா?

வேண்டாம், இரவல் கேளுங்கள். மலிவுக் கூடாரம் முதல் மழையிலேயே ஒழுகும். கம்பி வளைந்ததும் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நைலான் துணி, இரும்பு, ஃபைபர் எல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதை யாரும் எடுக்க மாட்டார்கள். பள்ளிச் சாரணர்களிடமும் கோயில் இளைஞர் பிரிவுகளிடமும் நல்ல கூடாரங்கள் சும்மா கிடக்கின்றன. நாங்கள் இருபது வாங்கி வைத்து வாடகைக்குத் தருகிறோம், நீங்கள் வந்து இறங்கும்போது கட்டியே இருக்கும்.

ஞாயிறு எப்போது முடிகிறது? சீக்கிரம் கிளம்பலாமா?

பத்து மணிக்குக் கூடாரம் பிரித்ததும் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் சேர்ந்து துப்புரவு. திடலின் ஓர் ஓரத்தில் எல்லாரும் கை நீட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, தலையைக் குனிந்துகொண்டு மறு ஓரம் வரை மெதுவாக நடக்க வேண்டும். பின்னாலேயே ஒரு உறுமி, வேகம் கூடாமல் பார்த்துக்கொள்ள. பிறகு குறுக்கு வாட்டில் இன்னொரு நடை. நாற்பது நிமிடம் ஆகும். பதினொன்றரைக்குப் பேருந்து.

முக்கியமாகத் தேடுவது கூடார முளைகளை. புல்லுக்குள் கிடக்கும் ஒரு இரும்பு முளை புல் வெட்டும் இயந்திரத்தின் கத்தியில் பட்டால் கத்தி போகும், சில சமயம் வெட்டுகிறவர் காலும் போகும். விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து வாடகைப் பாக்கியைக் கொடுக்க நிலத்துக்கார அங்கிள் வீட்டுக்குப் போவோம். முதல் ஆண்டு கோப்பியோடு பதினொரு முளையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. போன ஆண்டு இரண்டுதான். அதையும் மறக்காமல் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார்.